இடப்பக்கக் கதவு

காரைப் பார்க்க ஆள் வந்தபடியே இருந்தது. சாவு வீட்டுக்குக் கேதம் கேட்க வருகிறவர்களைப் போலத்தான் வந்தார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கொடுத்த தண்ணீரைக்கூட வாங்காமல், நேராகக் காரின் இடப்பக்கம் போய் நிற்பார்கள். அங்கே பின்கதவின் கைப்பிடிக்குக் கீழே ஆரம்பித்துச் சக்கர வளைவு வரைக்கும் நாலைந்து கோடுகள் கோணல்மாணலாக ஆழமாய் இறங்கிக் கிடந்தன. வந்தவர்கள் அதன்மேல் விரலை வைத்து இழுத்துப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள். அதற்கப்புறம்தான் காபி.

திருநகர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று இதைப் பார்த்துப் பார்த்துத் தமிழ்ச்செல்விக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. காபி போட்டுப் போட்டு அலுத்துப்போனது ஒரு பக்கம். அதைவிட, அவளுடைய புருஷன் செல்வக்குமார் அந்தக் கதவருகே நிற்கும் விதம்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பிணத்தின் தலைமாட்டில் நிற்கிற மூத்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். யார் கேட்டாலும் பேர் சொல்ல மாட்டான். "வேண்டாண்ணே, நம்ம வாயால எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்று பெருமூச்சு விடுவான். வந்தவர்கள் தாங்களாகவே ஜன்னல் பக்கம் திரும்பித் தமிழ்ச்செல்வியைப் பார்ப்பார்கள். அவ்வளவு போதும் அவனுக்கு.

அவன் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பேர் முத்துப்பாண்டி. தமிழ்ச்செல்வியின் தம்பி. உசிலம்பட்டியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறான்.

எல்லாம் மகள் அஸ்வினிக்குக் காது குத்திய அன்று வந்த வினை. உசிலம்பட்டி மண்டபத்தில் விழா. வாசலில் பனைமர உயரத்துக்கு ஃபிளக்ஸ். அதில் செல்வக்குமார் கறுப்புக் கண்ணாடியோடு ஆளுயரத்துக்குச் சிரித்தான். அவனுடைய சித்தப்பா பேயாண்டி ஒரு பக்கம், பங்காளிகள் வரிசையாக மறுபக்கம். தாய்மாமன் முத்துப்பாண்டியின் படம் மட்டும் அடியில் அச்சகத்தின் ஃபோன் நம்பருக்குப் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு இருந்தது. மடியில் உட்கார வைத்துக் காது குத்தப்போகிற தாய்மாமனை இப்படியா போடுவது என்று தமிழ்ச்செல்வி கேட்டதற்கு, "டிசைன் பண்றவன் எடம் பத்தலைன்னுட்டான்" என்றான் செல்வக்குமார். அவன் கண்ணாடிக்கு மட்டும் ஒரு ஆள் படுத்துத் தூங்குகிற இடம் இருந்தது.

முத்துப்பாண்டி அதைப் பார்த்தான். மேளம், தட்டு, மாலை போட்ட கிடா என்று தெருவை அடைத்துச் சீர் கொண்டுவந்தவன், ஃபிளக்ஸுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குக்கா. பூதக்கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டி விடுங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வக்குமார் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம்தான், மண்டபத்துச் செம்புழுதி படிந்த கார்க் கதவில் கோடு இருப்பதைப் பேயாண்டி பார்த்தார். கார் வாங்கி ஆறேழு மாதம்கூட ஆகவில்லை. அடர்ந்த நீலம், முகம் பார்க்கலாம். பேயாண்டி குனிந்தார், நிமிர்ந்தார், மூக்குத் தண்டைத் தடவிக்கொண்டார். "சாவியால கிழிச்சிருக்கான். ஆத்திரத்துல கிழிச்சா இப்பிடித்தான் கோணலா வரும்" என்று தீர்ப்புச் சொன்னார். அவர் எத்தனை சாவிக் கோட்டைப் பார்த்திருக்கிறாரோ, யாரும் கேட்கவில்லை. ஃபிளக்ஸுக்குக் கீழே நடந்த பேச்சு எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. அதையும் இதையும் முடிச்சுப் போட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விஷயம் ஊர்ஜிதம் ஆகிவிட்டது.

தமிழ்ச்செல்வியும் நம்பினாள். அதுதான் கொடுமை. தம்பி சின்ன வயசிலேயே முன்கோபி. மறுநாள் காலையில் ஃபோனைப் போட்டு, "ஏன்டா, உனக்குக் கோவம்னா எங்கிட்டச் சண்டை போட வேண்டியதுதான? கார்ல போயி ஏன்டா காமிச்ச? கேவலமா இல்ல?" என்று கத்தினாள். "நான் பண்ணலக்கா" என்றான் அவன். "பின்ன யாரு பண்ணா, பேயா?" என்று இவள் கேட்டாள். ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு செல்வக்குமார் காரைக் கழுவவே விடவில்லை. பட்டறைக்கும் விடவில்லை. "அது சாட்சி. எல்லாரும் பாக்கட்டும்" என்றான். ஞாயிற்றுக்கிழமையானால் அதை ஓட்டிக்கொண்டு உசிலம்பட்டிக்குப் போய் ஒவ்வொரு சொந்தக்காரர் வாசலிலும், இடப்பக்கம் வீட்டைப் பார்த்து இருக்கும்படி திருப்பி நிறுத்துவான். சொந்தக்காரர்கள் திருநகருக்கு வந்தும் பார்த்தார்கள். ஈரல் வறுவல் தின்ற கையைச் சரியாகக் கழுவாமலே வந்து தடவியவர்களும் உண்டு. கதவெல்லாம் எண்ணெய்த் தடம், வெற்றிலைத் துளி.

அதோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. மாமன் போட்ட கம்மலை மகள் காதில் இருந்து கழற்றச் சொன்னான். குத்திய புண் ஆறாத காது. "இருக்கட்டுங்க, ஆறட்டும்" என்று தமிழ்ச்செல்வி சொல்லச் சொல்ல, அவனே பிள்ளையைப் பிடித்துத் திருகிக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினான். இரண்டே நாளில் காது சீழ் வைத்தது. அஸ்வினி தலையணையில் சாய முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். வெந்நீரில் பஞ்சை நனைத்துச் சீழைத் துடைக்கும்போதெல்லாம் தமிழ்ச்செல்விக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வரும். இரண்டையும் ஆற விடாமல் நோண்டிக்கொண்டிருப்பது ஒரே கைதான் என்று தோன்றும். அந்தக் கை ராத்திரி தன் மேல் பட்டால் சுவரோரமாக நகர்ந்து படுத்துக்கொள்வாள்.

இந்த நிலையில்தான் முத்துப்பாண்டி கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாள் வந்தது. உடன்பிறந்தவள் அடுப்பைப் பற்றவைத்துப் பால்சட்டியை ஏற்றுவதுதான் அவர்கள் வழக்கம். முத்துப்பாண்டிக்கு வேறு அக்கா தங்கை கிடையாது. பத்திரிகை தபாலில் வந்தது. அனுப்பியவர் இடத்தில் அவன் பேரும் ஃபோன் நம்பரும் மட்டும் இருந்தன, கையால் ஒரு வார்த்தை எழுதவில்லை.

"போறதா இருந்தா அப்பிடியே அங்கனயே இருந்துக்க" என்றான் செல்வக்குமார். "என் வண்டியக் கிழிச்சவன் வீட்டுப் பால நான் குடிக்க மாட்டேன்."

தமிழ்ச்செல்வி யோசித்தாள். கோடு இருக்கிற வரைக்கும்தான் இந்தப் பேச்சு. கோடு போய்விட்டால் எதைக் காட்டி உச்சுக் கொட்டுவார்கள்? பட்டறைக்கு அனுப்ப வழியில்லை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று ஃபோனைத் திறந்தாள். வீட்டிலேயே கார்க் கீறலைச் சரிசெய்வது எப்படி என்று ஊரில் பாதிப் பேர் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். பல்பசையைத் தடவினால் போதும் என்றது ஒரு முகம். நகப்பூச்சுப் போதும் என்றது இன்னொன்று. நிதானமாகப் பேசிய ஒருவர் மட்டும், நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், நகம் மாட்டிக்கொண்டால் அது ஆழமான கீறல், அதற்குப் பூச்சு வேலை எதுவும் உதவாது என்றார். முதலில் நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும், சுற்றி டேப் ஒட்ட வேண்டும், தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், பள்ளத்தை அடைக்கப் பட்டி வைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, பிரைமர், கலர், கடைசியில் பளபளப்புக்கு ஒரு பூச்சு. அவசரப்பட்டால் அசிங்கமாகிவிடும் என்று இரண்டு தடவை சொன்னார். அவர் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது.

டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் கலர் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் பழங்காநத்தம் போய்ப் பெயின்ட் கடையில் எல்லாம் வாங்கி வந்தாள். ஸ்கூட்டர்தான். அவளிடம் கார் லைசென்ஸ் இருந்தது, பீரோவுக்குள். ஓட்டக் கேட்டால், "நீ கோடு போட்டுருவ" என்பான் செல்வக்குமார்.

பால் காய்ச்சுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. திருமங்கலம் சாலையில் டைல்ஸ் கடை மேனேஜரான அவன், அன்று ஸ்டாக் வருகிறதென்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டான். காரைக் கிளப்பினால் புழுதி உதிர்ந்துவிடும் என்று பயந்தானோ என்னவோ. அஸ்வினி எதிர்வீட்டுக்கு விளையாடப் போனாள். தமிழ்ச்செல்வி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வாளியோடு உட்கார்ந்தாள்.

முதலில் எண்ணெய்த் தடங்களைத் துடைத்தாள். யார் யார் விரலோ. பிறகு வெற்றிலைத் துளிகளை. ஷாம்பூ நுரையில் உசிலம்பட்டிச் செம்மண் கரைந்து ஓடியது. கோடுகளுக்குள் மண் இறுகிப்போய்க் கிடந்ததால், பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து நுனியால் கிளறி நீரை ஊற்றினாள்.

கோடு பச்சையாக இருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்தாள். நீலத்துக்கு நடுவே, ஆழமான கோட்டின் அடியில், கிளிப்பச்சை. அடுத்த கோட்டைக் கழுவினாள். அங்கேயும் பச்சை. சாவியில் ஏது பச்சை? கதவின் அடிவிளிம்பு ரப்பரில் என்னவோ மாட்டியிருந்தது. இழுத்தாள். விரலோடு வந்தது ஒரு கொத்துக் கறுப்பு மயிர். மூக்கருகே கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை, அத்தனை நாள் கழித்தும் ஆட்டு வாடை அடித்தது.

முத்துப்பாண்டி சீராகக் கொண்டுவந்த கிடாவின் கொம்புக்குக் கிளிப்பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. மண்டபத்துப் பிள்ளைகள் அத்தனையும் அதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றன.

அதைக் காரில் கட்டியது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். சாவி என்று பேயாண்டி சொன்ன பிறகு கிடாவை நினைக்க யாருக்கும் தோன்றவில்லை. "புதுக் காரு, மாமன் கெடா, ரெண்டையும் சேத்து ஒரு போட்டோ" என்று கிடாவின் கயிற்றைக் கார்க் கைப்பிடியில் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்து நின்று படம் எடுத்து, அன்று மத்தியானம் ஸ்டேட்டஸிலும் முகப்புப் படமாகவும் போட்டது செல்வக்குமார்தான். படம் எடுத்தவர்கள் பந்திக்குப் போய்விட்டார்கள். கிடா வெயிலில் அங்கேயே நின்றது. பளபளக்கும் கதவில் எதிரே இன்னொரு பச்சைக் கொம்புக்காரன் நின்று முறைத்துக்கொண்டிருந்தால் அது சும்மாவா இருக்கும்?

மறுநாள் அந்தக் கிடாவை அறுத்து விருந்து வைத்தார்கள். பெரிய எலும்பாகப் பார்த்து வாங்கி உறிஞ்சியவன் செல்வக்குமார். குற்றவாளியைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டு, கொண்டுவந்தவனைக் கூண்டில் ஏற்றியிருக்கிறான் என்று நினைத்ததும் தமிழ்ச்செல்விக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாவம், தெரியாமல்தானே செய்துவிட்டான், சொன்னால் வெட்கப்படுவான் என்றுகூட நினைத்தாள். அந்தப் படத்தைக் காட்டலாம் என்று ஃபோனை எடுத்தாள். அவனுடைய பேருக்கு நேரே, பெருமை பெருமையாக வைத்திருந்த அந்தக் கிடாப் படம் இல்லை. முருகன் படம் இருந்தது. எப்போது மாற்றினான் என்று யோசித்தாள். காதுகுத்து முடிந்த அன்றைக்கே மாறிவிட்டது. அப்போது பக்தி என்று நினைத்தாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த செல்வக்குமார் கேட்டைத் திறந்ததும் ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"ஏய், யாரக் கேட்டுக் கைய வச்ச? அது சாட்சின்னு சொல்லீருக்கேன்ல?"

"சாட்சிதான். வந்து பாருங்க. நல்லாப் பேசுது" என்றாள் தமிழ்ச்செல்வி.

அவன் பார்த்தான். பச்சையைப் பார்த்தான், அவள் உள்ளங்கையில் இருந்த மயிரைப் பார்த்தான். அடுத்து அவன் என்ன செய்தான் என்பதைத்தான் அவளால் எந்தக் காலத்திலும் மறக்க முடியாது. அவன் அதிர்ச்சி அடையவில்லை. சட்டென்று தலையைத் திருப்பி எதிர்வீட்டில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். பிறகு போய்க் கேட்டைச் சாத்தினான்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மெதுவாப் பேசு."

"எப்பத் தெரியும்?"

"கெடாய அவுக்கும்போதே பாத்துட்டேன்" என்றான். "அம்புட்டுக் கூட்டத்துல எப்பிடிச் சொல்லச் சொல்ற? கெடாயக் கொண்டுபோயிக் கார்ல கட்டுனான் பாரு கிறுக்கன்னு காலத்துக்கும் சிரிப்பாய்ங்க. சாயந்தரம் பேயாண்டி சின்னய்யாவாத்தான் வந்து, மச்சினன் வேலையாடான்னு கேட்டாரு. நான் ஆமான்னு சொல்லல. இல்லைன்னும் சொல்லல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? பச்சப்புள்ள காதுல கெடந்ததப் பிடுங்குனீங்களே, அதுவும் அவ்வளவுதானா?"

அவன் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினான். டேப்பையும் பட்டி டப்பாவையும் எடுத்துப் பார்த்தான். முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது.

"எல்லாம் வாங்கிட்டியா? கெட்டிக்காரிதான். தாளக் கொடு, ரெண்டு பேருமா ஒக்காந்து தேச்சா சாயந்தரத்துக்குள்ள பச்சை போயிரும்" என்றான். "நாளைக்கு நானே உன்னய உன் தம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். எல்லாரு முன்னாலயும் வச்சு, போனது போகட்டும் மாப்ள, நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிர்றேன். உனக்கும் பொறந்த வீடு ஆச்சு, எனக்கும் மரியாத ஆச்சு."

தமிழ்ச்செல்விக்கு வேண்டியது அதுதான். தம்பி வீட்டு வாசலில் காலை வைக்க வேண்டும், பால்சட்டியை ஏற்ற வேண்டும். அதற்காகத்தான் காலையில் இருந்து முதுகு ஒடிய உட்கார்ந்திருந்தாள். இந்த உப்புத்தாளை அவன் கையில் கொடுத்துவிட்டால் போதும். முத்துப்பாண்டி செய்யாத தப்புக்கு ஊர் முன்னால் மன்னிப்பு வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பான். இவன் தோளில் துண்டோடு பெரிய மனுஷனாக நின்று சிரிப்பான். அதையும் ஃபிளக்ஸ் போடுவான்.

வாளித் தண்ணீரில் கையை விட்டு அலசினாள். போகவில்லை, ஆட்டு வாடை அப்படியே இருந்தது. பக்கத்தில் குந்தியிருந்தவனின் வியர்வை வாடையும் அதோடு சேர்ந்து அடித்தது. எழுந்து, வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். பட்டி டப்பாவைத் திறக்காமலே அலமாரியில் வைத்தாள்.

"என்ன, தேய்க்கலயா?"

"இல்ல. நாளைக்குக் காரு இப்பிடியேதான் வரும்."

"நான் ஓட்ட மாட்டேன்."

"ஓட்டாதீங்க" என்று லைசென்ஸை எடுக்கப் பீரோப் பக்கம் போனாள். கார்ச் சாவியை அவன் மறைத்து வைக்கக்கூட இல்லை. அவள் எடுப்பாள் என்று அவனுக்குத் தோன்றியிருந்தால்தானே.

மறுநாள் காலை கார் மெதுவாகத்தான் போனது. செக்கானூரணி தாண்டும்வரை தமிழ்ச்செல்வி இரண்டாவது கியரை விட்டு ஏறவில்லை. பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டாள். பின்சீட்டில் அஸ்வினி, காதில் மாமன் கம்மல். வீங்கிய காதில் நோகாதபடி அவளே மெதுவாக மாட்டியிருந்தாள். பக்கத்து சீட்டில் செல்வக்குமார். வர மாட்டேன் என்றவன், கார் கேட்டைத் தாண்டியதும் ஓடிவந்து ஏறிக்கொண்டான். தான் இல்லாத இடத்தில் தன்னைப் பற்றிப் பேசிவிடுவார்களே. வழியெல்லாம், "சின்னய்யா வீட்டுப் பக்கம் போகாத தமிழு, நேரா உன் தம்பி வீட்டுக்கே போயிரலாம்" என்று கெஞ்சினான்.

அவள் முதலில் நிறுத்தியது பேயாண்டி வீட்டு வாசலில்தான். இடப்பக்கம் வீட்டைப் பார்த்து இருக்கும்படி, அவன் நிறுத்துவது போலவே, இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்துச் சரியாக நிறுத்தினாள்.

"சின்ன மாமா, கதவ ஒருக்கப் பாருங்க. நேத்துக் கழுவி வச்சிருக்கேன்."

பேயாண்டி வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே குனிந்தார். பச்சையைப் பார்த்தார். காருக்குள் இருந்த செல்வக்குமாரைப் பார்த்தார். ஆடு மாடோடு அறுபது வருஷம் இருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எச்சிலைத் துப்பிவிட்டு, "நான் அன்னைக்கே நெனச்சேன்த்தா, சாவிக் கோடு எங்கிட்டுக் கோணலா வரும்னு" என்றார்.

தமிழ்ச்செல்வி கியரைப் போட்டுக் காரை எடுத்தாள்.

புது வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. முத்துப்பாண்டி வெள்ளை வேட்டியில் நின்றிருந்தான். அக்கா டிரைவர் சீட்டில் இருந்து இறங்குவதைக் கண்டு ஒரு நிமிஷம் திகைத்துப் போனான். அஸ்வினி ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் குனிந்து பிள்ளையின் காதைப் பார்த்தான். வீக்கத்தைப் பார்த்தான், கம்மலைப் பார்த்தான்.

செல்வக்குமார் இறங்கிக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்கதவில் சாய்ந்து நின்றான். அந்தப் படத்தில் நின்றது போலவே. கோடுகளை மறைத்து நிற்கிறானாம்.

"தள்ளுங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. தம்பி பக்கம் திரும்பினாள். "முத்து, வந்து பாருடா. நீ இல்லடா. உன் கெடாடா. கொம்புப் பெயின்ட் ஒட்டியிருக்கு, வந்து பாரு."

முத்துப்பாண்டி அசையவில்லை.

"நான் எதுக்குக்கா பாக்கணும்? நான் பண்ணலைன்னு எனக்குத் தெரியும்ல" என்றான். குரலில் கோபமே இல்லை. "உனக்குத்தான் பாக்க வேண்டியிருந்துச்சு. பாத்துட்டேல்ல? நேரமாச்சு, உள்ள வா. அடுப்பு உனக்காகத்தான் காத்துக் கெடக்கு."

அவள் உள்ளே போனாள். புதுச் சுண்ணாம்பு வாடை. யாரோ தீப்பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றினாள். வாசலில், "கெடாயவா கார்ல கட்டுனாரு?" என்று யாரோ கேட்பதும், சிரிப்பும் கேட்டன. நேற்றிலிருந்து கேட்க வேண்டும் என்று நினைத்த சிரிப்பு. இப்போது அதில் அவளுக்கு ஒன்றுமில்லை.

பால் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்திருந்த தன் விரல்களைத் தமிழ்ச்செல்வி பார்த்தாள். நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்தது. புருஷனை நினைத்து இத்தனை நாளும் குமட்டிய அந்தக் குமட்டல், காதுகுத்துக்கு மறுநாள் காலை ஃபோனில் தம்பியிடம் கத்திய தன் குரலை நினைத்ததும் மறுபடி வந்தது. சேலைத் தலைப்பால் அந்த நகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.